பழைய மோட்டார் சாலையின் கதையைக் காத்தவர்கள் உள்ளூர் ஆர்வலர்களே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

‘கார்கள் ஓடத் தொடங்கிய காலத்துச் சாலைகளின் வரலாறு இன்று நம் கைக்குக் கிடைத்திருப்பது பெரிதும் அரசாங்கத்தாலா, உள்ளூர் ஆர்வலர்களாலா?’ இதுதான் தலைப்பு. அமெரிக்கச் சாலைகளை வைத்துப் பேசுவோம் என்று இரண்டு அணியும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மூன்று விஷயம் சொன்னார். சட்டம் போடுவது அரசு, பணம் ஒதுக்குவது அரசு, வரலாற்றுச் சின்னம் என்று பட்டியலில் ஏற்றுவதும் அரசு. அப்புறம் போகிற போக்கில், ஆர்வலர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்காரர்கள், அவர்கள் காலத்துக்குப் பிறகு அவர்கள் சேர்த்த பெட்டிகள் குப்பைக்குப் போகும் என்றார். எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் முதலில் ஒரு சாலையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்த வழக்கைப் பேச முடியாது.

நியூயார்க் நகரத்திலிருந்து கிழக்கே நீண்டு கிடக்கிறது லாங் ஐலண்ட் தீவு. 1904 முதல் அங்கே வில்லியம் கே. வாண்டர்பில்ட் ஜூனியர் என்ற பெரும் பணக்காரர் தம் பெயரில் கோப்பை வைத்துக் கார் பந்தயம் நடத்தினார். பந்தயத்துக்கென்று தனித் தடம் கிடையாது. குதிரை வண்டி போகிற ஊர்ச் சாலையில்தான் ஓட்டினார்கள். கூட்டம் சாலைக்குள்ளேயே வந்து நின்று வேடிக்கை பார்க்கும். 1906 பந்தயத்தில் அப்படி நின்ற ஒருவர் கார் மோதி இறந்தார். கார்களுக்கென்றே ஒரு சாலை வேண்டும் என்ற பேச்சு அதோடு உறுதியானது. தனியார் நிறுவனம் ஒன்று அமைந்து, 1908 ஜூனில் வேலை தொடங்கி, அந்த அக்டோபரிலேயே முதல் பகுதியைத் திறந்துவிட்டது. அதுதான் லாங் ஐலண்ட் மோட்டார் பார்க்வே.

அந்தச் சாலையைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். கம்பி வைத்துப் போட்ட கான்கிரீட் தளம். கார் வேகமாகத் திரும்பும்போது சறுக்காமல் இருக்க ஒரு பக்கம் உயர்த்தப்பட்ட வளைவுகள். குறுக்கே வேறு சாலையோ ரயில் பாதையோ எதிர்ப்படாதபடி 60-க்கும் மேற்பட்ட பாலங்கள். சுங்கம் வசூலிப்பவர் குடும்பத்தோடு தங்க அழகழகான சிறு வீடுகள். அவற்றை வடிவமைத்தவர் ஜான் ரஸ்ஸல் போப். பிற்காலத்தில் வாஷிங்டனில் ஜெஃபர்சன் நினைவகத்தை வடிவமைத்த அதே மனிதர். தொடக்கத்தில் சுங்கம் 2 டாலர். ஃபோர்டு தம் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 5 டாலர் தருவதாக அறிவித்து உலகமே வியந்தது 1914இல். அதற்கு 6 ஆண்டு முன்னால் 2 டாலர் என்றால், அந்தச் சாலையில் யார் கார் ஓட்டியிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1910 பந்தயத்தில் கார்களில் உடன் சென்ற மெக்கானிக்குகள் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். பொதுச் சாலைப் பந்தயம் அந்தத் தீவில் அதோடு முடிந்தது. ஆனால் சாலை மட்டும் சுங்கச் சாலையாக நீண்டுகொண்டே போய், கிழக்கே ரான்கன்கோமா ஏரி வரை சுமார் 45 மைல் ஆனது. 1930களில், நியூயார்க்கில் அரசுச் சாலைகளையும் பூங்காக்களையும் கட்டிய அதிகாரி ராபர்ட் மோசஸ் அதற்குப் பக்கத்திலேயே, கட்டணம் இல்லாத, அகலமான நார்தர்ன் ஸ்டேட் பார்க்வேயைக் கொண்டுவந்தார். பழைய சாலை 40 சென்ட் வரைக்கும் கட்டணத்தை இறக்கிப் பார்த்தது. ஆட்கள் வரவில்லை. 1938இல் மூடினார்கள். சுமார் 80,000 டாலர் வரிப் பாக்கிக்கு ஈடாகச் சாலை அரசின் கைக்குப் போனது.

நடுவர் அவர்களே, இந்த இடத்தில்தான் நம் வழக்கு தொடங்குகிறது. 1938இல் அந்தச் சாலை அரசின் கையில் இருக்கிறது. அரசு அதை என்ன செய்தது? கிழக்குப் பகுதியைச் சாதாரண மாவட்டச் சாலை ஆக்கியது. அதில் இன்றும் கார்கள் ஓடுகின்றன. மேற்கே குவீன்ஸ் பகுதியில் இருந்த துண்டை அந்த ஆண்டே சைக்கிள் பாதை ஆக்கியது. நடுவில் நாசோ பகுதியில் நிலம் துண்டு துண்டாகப் பிரிந்தது. சில இடங்களில் மின்கம்பிகள் போயின. சில இடங்களில் வீடுகள் முளைத்தன. பாலங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டன. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். பயன்படாத சாலையை வேறு பயனுக்குத் திருப்புவது ஓர் அரசு செய்ய வேண்டிய வேலைதான்.

எதிரணி நண்பர் குவீன்ஸ் சைக்கிள் பாதையைப் பெருமையாகச் சொன்னார். அரசுதானே அதைக் காத்தது, 2002இல் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் வேறு ஏறியிருக்கிறதே என்றார். சரி. 1938க்கும் 2002க்கும் நடுவே எத்தனை ஆண்டு? 64 ஆண்டு. அவ்வளவு காலமும் கான்கிரீட் இருந்தது, பாலங்கள் இருந்தன, அவற்றின் மேல் சைக்கிள்கள் ஓடின. சைக்கிள் ஓட்டிய பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாங்கள் போவது கார்களுக்கென்றே போட்ட அந்தப் பழைய சாலை என்று தெரிந்திருக்கும்? தளத்தைக் காப்பது வேறு, கதையைக் காப்பது வேறு. நம் தலைப்பில் இருக்கிற சொல் ‘வரலாறு’. அதை நண்பர் மறந்துவிடக் கூடாது.

ஒரு கோட்டையோ மாளிகையோ இருந்தால் அதற்கு ஒரு விலாசம் உண்டு. பாழடைந்தாலும் ஒரே இடத்தில் நிற்கும். அதிகாரி ஒருவர் ஒரு நாள் வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போகலாம். சாலை அப்படி இல்லை. அது பல ஊர், பல நிர்வாகம், ஆயிரக்கணக்கான சொந்தக்காரர்களின் நிலம் வழியாகப் போகிறது. செத்துப்போன சாலை எப்படி இருக்கும் தெரியுமா? ஒருவர் வீட்டுக் கொல்லையில் மண்ணில் புதைந்த கான்கிரீட் விளிம்பாக இருக்கும். புதருக்குள் சாய்ந்து நிற்கும் தடுப்புத் தூணாக இருக்கும். மனைகள் எல்லாம் நேர்கோட்டில் இருக்க, ஒரு வேலி மட்டும் காரணமில்லாமல் வளைந்து போகும். அந்த வளைவுதான் சாலை. இதைக் கோப்பில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஊரில் இருந்து, தினமும் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்து, ‘இந்தத் தூண் ஏன் இங்கே இருக்கிறது?’ என்று ஒரு நாள் நின்று யோசிக்கிற மனிதருக்குத்தான் அது கண்ணில் படும்.

அப்படிப்பட்டவர்கள்தான் லாங் ஐலண்டில் பழைய வரைபடத்தையும் வான்வழிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு தெருவில் எடுத்த நூறாண்டுப் படத்தை இன்றைய தெருவோடு பொருத்தி, எந்தப் பாலம் எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். இந்தச் சாலைக்கென்றே ஒரு பாதுகாப்புச் சங்கம் இருக்கிறது. கார்டன் சிட்டியில் இருந்த சுங்க வீட்டை 1989இல் அப்படியே பெயர்த்து, அந்த ஊரிலேயே வேறு தெருவுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். இன்று அதில் இருப்பது ஊர் வணிகர் சங்க அலுவலகமும் அந்தச் சாலையைப் பற்றிய சிறு காட்சிக்கூடமும். ஒரு வீட்டையே நகர்த்துவது பொழுதுபோக்கா, நண்பரே? அதற்குப் பணம் திரட்ட வேண்டும், ஊரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். ஊர் கூடித் தேர் இழுத்த கதை அது.

இது ஒரு தீவின் கதைதானே என்று சொல்லலாம். அடுத்த சாலைக்கு வருகிறேன்: லிங்கன் நெடுஞ்சாலை. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் தொடங்கி சான் ஃபிரான்சிஸ்கோவின் லிங்கன் பூங்காவில் முடிந்த 3,389 மைல். 1913இல் இதை அறிவித்தது அமெரிக்க அரசு இல்லை. கார்ல் ஃபிஷர் என்ற தொழிலதிபரின் யோசனையில் பிறந்த, பேக்கார்டு கார் கம்பெனித் தலைவர் ஹென்றி ஜாய் முன்னின்று நடத்திய ஒரு தனியார் சங்கம். அந்தச் சங்கத்துக்கு வழிநெடுக ஊர்தோறும் ஓர் உள்ளூர்ப் பிரதிநிதி இருந்தார். சம்பளம் இல்லை. சாலை எந்த இடத்தில் சேறு, எங்கே பாலம் உடைந்திருக்கிறது என்று வருகிறவர்களுக்குச் சொல்வது அவர் வேலை. ‘நாற்று மைல்’ என்று ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். சேற்றுப் பாதைக்கு நடுவில் ஒரே ஒரு மைல் நல்ல கான்கிரீட் போடுவார்கள். அதில் வண்டி ஓட்டிப் பார்த்த ஊர்க்காரர்கள் மீதியையும் கேட்பார்கள் என்ற நம்பிக்கை. முதல் நாற்று மைலை 1914இல் இல்லினாய் மாநிலத்தின் மால்ட்டா என்ற ஊர்ப் பக்கம் போட்டார்கள். எனக்கு இந்தப் பெயரே மிகவும் பிடிக்கும். விதைத்தவர்கள் யார் என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

1920களின் நடுவில் அரசு சாலைகளுக்கு எண் கொடுக்கத் தொடங்கியது. லிங்கன் நெடுஞ்சாலை என்ற பெயர் போய், துண்டு துண்டாக யூ.எஸ். 30 என்றும் வேறு எண்கள் என்றும் ஆனது. பயணிகளுக்கு எண் வசதி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு பெயர் அழிந்தது. அந்தச் சங்கம் கலையப் போகிற நேரத்தில் கடைசியாக என்ன செய்தது தெரியுமா? 1928 செப்டம்பர் 1 அன்று, நாடு முழுக்க சாரணச் சிறுவர்களைக் கொண்டு, லிங்கன் முகம் பதித்த 2,000-க்கும் மேற்பட்ட கான்கிரீட் கற்களைச் சாலையோரம் நட்டது. பெயர் மறக்கப்படக் கூடாது என்று. அப்புறம் சாலைகள் அகலமானபோது அந்தக் கற்களில் பெரும்பாலானவை காணாமல் போயின.

1992இல் அயோவா மாநிலத்தின் ஆக்டன் என்ற சின்ன ஊரில் ஆர்வலர்கள் கூடி அதே பெயரில் சங்கத்தை மறுபடி தொடங்கினார்கள். இந்தச் சாலை ஒரே கோடாக இருந்ததில்லை. 1913இல் ஒரு வழி, சில ஆண்டு கழித்து இன்னொரு வழி, வெள்ளம் வந்தால் வேறு வழி. பழைய வழிகாட்டி நூல்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு தலைமுறைத் தடத்தையும் வரைபடத்தில் ஏற்றியவர்கள் அவர்கள். எஞ்சிய கற்களைத் தேடிக் கணக்கெடுத்தவர்கள் அவர்கள். இந்தச் சாலையைப் பற்றிய அரசின் தேசியப் பூங்காத் துறை ஆய்வறிக்கை 2004இல்தான் வந்தது. யார் முன்னால் போனார்கள், யார் பின்னால் வந்தார்கள் என்று ஆண்டுகளே சொல்கின்றன.

பெட்டிகள் குப்பைக்குப் போகும் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அதில் உண்மை இருக்கிறது, நடுவர் அவர்களே. ஒருவர் 40 ஆண்டு சேர்த்த படங்களை வீட்டார் விலை தெரியாமல் எறிந்துவிடுவது நடக்கிறது. அதை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது. ஆனால் பழைய லிங்கன் சங்கம் என்ன செய்தது? தன் படங்களையும் ஆவணங்களையும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. இன்று யார் வேண்டுமானாலும் அந்தப் படங்களைப் பார்க்கலாம். பல்கலைக்கழகம் அரசுடையது என்று நண்பர் எழுந்து சொல்வார். சொல்லட்டும். அலமாரி அவர்களுடையது. அலமாரியில் வைக்க ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தது எங்கள் ஆட்கள்.

கடைசியாக, நண்பர் மிகவும் நம்பிய சட்டத்தைப் பற்றி. சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியா வரை போன பழைய நெடுஞ்சாலையான ரூட் 66-க்குப் பாதுகாப்புச் சட்டம் 1999இல் வந்தது, நிதியும் வந்தது என்றார். உண்மை. அதற்கு முன்னால் நடந்ததை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 1978இல் அரிசோனாவின் செலிக்மன் என்ற ஊரைத் தள்ளிவிட்டுப் புதிய பெருஞ்சாலை திறந்தது. கார்கள் ஒரே நாளில் நின்றுபோயின. 1985இல் ரூட் 66 என்ற எண்ணையே அரசு அதிகாரபூர்வமாக நீக்கிவிட்டது. வரைபடத்தில் அந்தச் சாலை இல்லை. அந்த ஊரில் ஏஞ்சல் டெல்காடியோ என்று ஒரு முடிதிருத்துபவர். பிறந்ததிலிருந்து அந்தச் சாலையோரமே வாழ்ந்தவர். 1987 பிப்ரவரியில் அவரும் ஊர்க்காரர்கள் சிலரும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். விடாமல் எழுதினார்கள், விடாமல் கேட்டார்கள். அந்த ஆண்டே அரிசோனா அரசு செலிக்மனிலிருந்து கிங்மன் வரையிலான பகுதியை வரலாற்றுச் சாலை என்று அறிவித்தது. சாலை கடந்துபோகும் மற்ற மாநிலங்களிலும் இதேபோல் சங்கங்கள் எழுந்தன. 12 ஆண்டு கழித்து வந்ததுதான் நண்பர் சொன்ன சட்டம்.

1985இல் எண்ணை எடுத்தவர்கள் யார், 1987இல் திருப்பிக் கேட்டவர்கள் யார் என்பதை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.