புகையின் சூட்டில் குளிரும் டிரெய்லர்

[திரையில்: நெடுஞ்சாலையில் குளிர்சாதன லாரி. டிரெய்லரின் முன்பக்கப் பெட்டி பெரிதாகிறது]

இந்தப் பெட்டிக்குள் பெரும்பாலும் இன்னொரு டீசல் இன்ஜின் இருக்கும். உறைந்த சரக்கை மைனஸ் 18 டிகிரியில் வைக்க, கம்ப்ரசரைச் சுழற்றுவதே அதன் முக்கிய வேலை. அதற்குத் தனி டீசல், தனிப் புகை. பக்கத்திலேயே பெரிய இன்ஜினின் புகைக்குழாயில், சுமை ஏறினால் 300 டிகிரியைத் தாண்டும் சூடு வீணாகப் போகிறது.

[திரையில்: எரிபொருள் ஆற்றல் பிரியும் படம்]

நல்ல டீசல் இன்ஜின்கூட எரிபொருளில் 40 முதல் 45 சதவீதத்தைத்தான் வேலையாக மாற்றும். மிச்சத்தில் பெரும்பகுதி ரேடியேட்டரிலும் புகையிலும் போய்விடும். புகைதான் அதிகச் சூடு, அதனால் அதில் வேலை வாங்குவது எளிது.

சூட்டை வைத்தே நேரடியாகக் குளிர்விக்கலாம். 1859-இல் ஃபெர்டினான்ட் கார்ரே அம்மோனியாவும் நீரும் கொண்டு செய்த இயந்திரம் அப்படித்தான். சூடாக்கினால் அம்மோனியா நீரிலிருந்து பிரியும். பிறகு அது திரவமாகி மீண்டும் ஆவியாகும்போது சுற்றுப்புறம் குளிரும். கம்ப்ரசர் தேவையில்லை. ஆனால் எடை கூடும், கசிந்தால் அம்மோனியா நஞ்சு. குலுங்கி ஓடும் வண்டிக்கு எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை.

[திரையில்: கொதிகலன், டர்பைன், ஜெனரேட்டர்]

இன்னொரு வழி, நீராவி இன்ஜினின் அதே தத்துவம். நீருக்குப் பதில் 78 டிகிரியிலேயே கொதிக்கும் எத்தனால் போன்ற திரவம். அதன் ஆவி டர்பைனைச் சுழற்றும், மின்சாரம் வரும். புகையிலிருந்து 40 கிலோவாட் வெப்பத்தைப் பிடித்து, பத்து சதவீதத்தை மாற்றினால் 4 கிலோவாட். ஏற்கெனவே குளிர்ந்த டிரெய்லரை அதே குளிரில் காக்க இது பெரிய உதவி. ஒன்று முக்கியம்: வெப்பத்தைப் புகைச் சுத்திகரிப்பான் தாண்டிய பிறகே எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் வினையூக்கி குளிர்ந்து, நச்சுப்புகை கூடும்.

[திரையில்: சரக்கு இறக்கும் இடம், கதவு திறந்த டிரெய்லர்]

சரி, உண்மையான சிக்கல் இங்கேதான். வண்டி நின்றால் சூடு இல்லை. ஆனால் கதவு திறந்து வெளிக்காற்று உள்ளே புகுவதும் நிற்கும்போதுதான். ஆகவே ஓடும்போது கிடைப்பதைச் சேமித்தே ஆக வேண்டும். பேட்டரியில் வைக்கலாம்; அல்லது பூஜ்ஜியத்துக்குக் கீழே உறையும் உப்புக்கரைசல் தகடுகளில் குளிராகவே வைக்கலாம். ஓடும்போது தகடு உறையும், நிற்கும்போது உருகி உள்ளே குளிரைக் காக்கும். டர்பைனுக்குச் செலவிடும் அதே கவனத்தை இதற்கும் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், டிரெய்லர் ஒரே லாரியோடு எப்போதும் இருப்பதில்லை. சூடான திரவத்தை இரண்டுக்கும் நடுவே குழாயில் கொண்டுபோனால் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கசிவு பயம். மின்சாரமென்றால் கேபிளைப் பிடுங்கி அடுத்த லாரியில் செருகினால் போதும். அந்த லாரியிலும் இதே ஏற்பாடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.