நெஞ்சுக்குள் தங்கிவிடும் இரத்தம்

நேயர்களுக்கு வணக்கம். பைபாஸ் முடிந்து ஐசியூவில் இருக்கும் உறவினரைப் பார்க்கச் சென்றவர்கள், கட்டிலுக்குக் கீழே இரத்தம் கலந்த நீர் சேரும் பெட்டியையும் அதற்கு வரும் குழாயையும் கவனித்திருப்பீர்கள். அறுவைக்குப் பின் கசியும் இரத்தத்தை வெளியேற்றும் அந்த வடிகுழாயின் அளவைச் செவிலியர் மணிக்கு மணி குறித்துக்கொள்வார். வடிவது குறைந்தால் வீட்டார் நிம்மதியடைவது இயல்பே. ஆனால் கசிவு அடங்கினாலும் வடிவது குறையும், குழாய் அடைபட்டாலும் குறையும்.

பைபாஸுக்காக மார்பின் உட்புறத் தமனியைப் பிரித்தெடுக்கையில் இடப்பக்க நுரையீரலின் உறை பல வேளைகளில் திறந்துகொள்வதால், இரத்தம் அங்கே இறங்கித் தேங்குகிறது. தோய்ந்த தயிர் குழாயில் வடியாதது போல, உறைந்த இரத்தமும் வடிவதில்லை. நாள்கள் செல்லச் செல்ல அது நுரையீரலின் மேல் தடித்த தோலாகப் படிந்து, விரியவிடாமல் இறுக்கிவிடும். ஆகவே காத்திருப்பதில் பயனில்லை என்பதே என் உறுதியான கருத்து.

இதற்குக் கைகொடுக்கும் நுண்துளை அறுவையின் வேர் 1910இல் இருக்கிறது. ஸ்டாக்ஹோம் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாகோபேயுஸ், சிறுநீர்ப்பையைப் பார்க்க உதவிய குழாய்க்கருவியை மார்புக்குள் செலுத்திப் பார்த்து, அதைப் பற்றி எழுதினார். பின்னர் இரண்டாவது துளையொன்றின் வழியே, காசநோயாளிகளின் நுரையீரலை மார்புச்சுவரோடு பிணைத்திருந்த இழைகளைச் சுட்டு அறுத்தார். காசநோய்க்கு மருந்துகள் வந்ததும் ஒதுங்கிப்போன அம்முறை, 1990களில் வீடியோ கேமராவின் துணையோடு மீண்டும் வந்தது.

இன்று நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அந்தப் பக்க நுரையீரலுக்குக் காற்றை நிறுத்தி, விலா இடுக்கில் இரண்டு மூன்று சிறு துளைகள் வழியே உறைந்த இரத்தக் கட்டிகளை உறிஞ்சி, இரத்தம் கசியும் இடத்தையும் திரையில் தேடி அடைக்கிறோம். கம்பியிட்டுச் சேர்த்த மார்பெலும்பைத் தொடுவதில்லை. எனினும், இரத்தம் வேகமாகக் கொட்டும்போதோ, இதயத்தைச் சுற்றித் தேங்கி அதை அழுத்தும்போதோ இம்முறை உதவாது. அப்போது மார்பெலும்பை உடனே திறந்தாக வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். செயற்கை இதய வால்வுக்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை உட்கொள்பவர்களுக்கு வீடு திரும்பிய பின்னும் இரத்தம் தேங்கக்கூடும். படுத்தால் மூச்சு முட்டினாலோ நடை தளர்ந்தாலோ, அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் சென்று மார்பு எக்ஸ்-ரே எடுத்துப் பாருங்கள்.