இட்லித் துணியும் ஹைட்ரஜனும்

நேயர்களுக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. ஆடி மாதம் எங்கள் பக்கம் கதவைத் திறந்து வைக்க முடியாது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்படி. கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகள் ராத்திரியிலும் சுற்றிக்கொண்டிருக்கும். ஊர் தூங்கும் நேரத்தில் கிடைக்கிற அந்தக் கரண்டைக் கொண்டு தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜனாகச் சேர்த்து வைக்கலாம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர் பிரிய வேண்டும், 50 யூனிட்டுக்கு மேல் கரண்டு ஆகும்.

சிக்கல், தண்ணீருக்குள் கரண்டைக் கொண்டுபோகும் உலோகத் தகட்டில் இருக்கிறது. ஹைட்ரஜன் வெளிவரும் தகட்டுக்குப் பிளாட்டினம்தான் அருமையான உலோகம், ஆனால் விலை கட்டுப்படியாகாது. சரி, பிளாட்டினத்திடம் அப்படி என்ன இருக்கிறது?

ராமசேரி இட்லி வார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். மண்பானை வாயில் நூல் வலை, அதன்மேல் ஈரத்துணி, துணிமேல் மாவு. மாவு துணியில் நிற்கவும் வேண்டும், வெந்ததும் பிய்யாமல் விட்டு வரவும் வேண்டும். ஹைட்ரஜன் அணுவும் தகட்டில் அப்படித்தான். பிடி லேசானால் அணு ஒட்டவே ஒட்டாது. இறுகிவிட்டாலோ, ஒட்டியது நகராமல் இடத்தை அடைத்துக்கொள்ளும். பிளாட்டினத்தின் பிடி நடுவாந்தரம்.

அந்தப் பிடியைக் கணினியில் கணக்கிடுவதுதான் என் வேலை. பிடி எப்படி என்பதை முடிவு செய்வது அணுக்களின் எலக்ட்ரான்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் துரத்தினால் எந்தக் கணினியும் திணறிப்போகும். அவை எங்கே எவ்வளவு அடர்த்தி என்று தெரிந்தாலே ஆற்றல் தெரிந்துவிடும் என்று 1964இல் ஹோஹன்பர்க், கோன் என்ற இயற்பியலாளர்கள் நிறுவினார்கள். அடுத்த வருஷமே கோனும் ஷாம் என்ற இயற்பியலாளரும் கணக்குப் போட வழி சொன்னார்கள். கோனுக்கு 1998இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த விடை 2005இல் டென்மார்க்கில் வந்தது. மாலிப்டினம் டைசல்பைடு என்ற பொருளின் விளிம்பில் பிடி ஏறக்குறைய பிளாட்டினத்தைப் போலவே இருக்கிறது என்று கணக்கு காட்டியது. செய்து பார்த்தார்கள், வேலை செய்தது. அதுவரை இதற்கு உதவாது என்று ஒதுக்கப்பட்டிருந்த பொருள் அது. வாளையாறு லாரி ஷெட்டுகளில் விரலில் அப்பிக்கொண்டால் லேசில் போகாத கறுப்பு கிரீஸ் உண்டே, அதில் கலப்பதும் இதைத்தான். ஏடு ஏடாக அடுக்கிய பொருள் இது. ஏட்டின் பரப்பு ஹைட்ரஜனைச் சீண்டாது, ஓரம் மட்டுமே பிடிக்கும். கணினி இல்லாவிட்டால் அந்த ஓரத்தை யார் தேடிப் போயிருப்பார்கள்?

பிளாட்டினத்தை அது இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை. தண்ணீரைப் பிரிக்கும் கருவிகளில் அமிலத்தில் இயங்குபவற்றில், ஆக்ஸிஜன் வெளிவரும் மறுபக்கத் தகடு இன்னும் பெரிய தலைவலி. அங்கே இரிடியம்தான் தாக்குப்பிடிக்கிறது, அது பிளாட்டினத்தைவிட அரிது. கணினி பெரும்பாலும் குறையில்லாத படிகத்தைத்தான் பார்க்கிறது. அமிலத்தில் மாதக்கணக்கில் கிடந்து அரிக்கப்படுகிற தகடு வேறு மாதிரி. ஆகவே கணக்குப் போட்டவர் ஆய்வகத்துக்கும் போய் நிற்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன்.

அப்புறம், பிளஸ் டூ முடித்து இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. இந்தக் கணக்கைப் போடும் குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ என்ற மென்பொருள் இலவசம், தொடங்கிப் பார்க்கச் சாதாரண லேப்டாப் போதும். முதலில் ஒரே ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறை வைத்துப் பாருங்கள். இரண்டு அணுக்களுக்கும் இடைவெளி 0.74 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) பக்கத்தில் வந்தால் கணக்கு சரி.