17 பேரில் நிறுத்திய கணக்கு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எதிரணித் தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

"ஏழை நாடுகளின் மருத்துவத்துக்குப் பணக்கார நாடுகள் பணம் கொடுப்பது கடமையா, கெடுதலா?" இதுதான் இன்றைய தலைப்பு. கடமையே என்று சொல்லும் அணியில் நிற்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், கொடுக்கக் கொடுக்கக் கை ஏந்தும் பழக்கம் வளரும் என்றார், பணம் களவு போகிறது என்றார், கொடுத்த கருவிகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன என்றார், சொந்த நாட்டு ஏழையைப் பாருங்கள் என்றும் சொல்லி அமர்ந்தார். நான்குக்கும் பதில் சொல்வேன். அதற்கு முன் ஒரு கணக்கை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

1963-ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் பதிவான மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். 1934-35-இல் அதே தீவில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன காய்ச்சல் அது. 1940-களின் நடுவில் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. என்ற கொசுக்கொல்லி மருந்தை அடிக்கத் தொடங்கினார்கள். பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு ஒழிப்புத் திட்டமாகவே நடத்தி 17-க்குக் கொண்டுவந்தார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். மருந்து அடிப்பது நின்றது, காய்ச்சல்காரரைத் தேடி இரத்தம் எடுக்கும் வேலை தளர்ந்தது. அந்தத் தீவில் மலேரியாவைப் பரப்பும் முக்கியக் கொசு, மழை குறைந்து ஆறு வற்றும்போது படுகையில் தேங்கி நிற்கும் குட்டைகளில் முட்டையிடும். அப்படி ஒரு பருவம் வாய்த்தபோது எதிர்த்து நிற்க ஆளும் இல்லை, மருந்தும் இல்லை. 1969-இல் மட்டும் பதிவானவர்கள் 5 லட்சத்துக்கும் மேல்.

17 எங்கே, 5 லட்சம் எங்கே? இடையில் இருப்பது ஆறே ஆண்டுகள்.

அவையோரே, மலேரியாவில் வைவாக்ஸ் என்று ஒரு வகை உண்டு. மூன்று நாள் மாத்திரையில் காய்ச்சல் விட்டுவிடும். ஆனால் கிருமி ஈரலில் ஒளிந்துகொண்டிருக்கும். அதை அழிக்க வழக்கமாக 14 நாள் பிரைமாகுவின் தர வேண்டும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தியவருக்குச் சில வாரத்திலோ சில மாதத்திலோ நோய் திரும்பும். ஒரு நோயாளிக்கு எது உண்மையோ அது ஒரு நாட்டுக்கும் உண்மை. பணம் கொடுப்பதை எப்போது நிறுத்தத் தோன்றுகிறது? எண்ணிக்கை குறைந்து, செய்தித்தாளில் அந்த நோயின் பெயரே வராத நாளில். நிறுத்தக் கூடாத நாளும் அதுதான்.

இலங்கை மறுபடியும் எழுந்தது. 1999-இல் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருந்த நோயாளிகள், 2008-இல் ஆயிரத்துக்கும் கீழே வந்தார்கள். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் கிடைத்தது. நடமாடும் இரத்தப் பரிசோதனை வண்டிகள், நீண்டநாள் மருந்து தோய்ந்த கொசுவலைகள், போர் நடந்த வடக்கிலும் கிழக்கிலும் விடாமல் வேலை செய்த களப் பணியாளர்கள், இவற்றுக்கெல்லாம் இலங்கை அரசின் பணத்தோடு உலக நிதியத்தின் பணமும் சேர்ந்தது. எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்கும் என்றே 2002-இல் தொடங்கிய நிதியம் அது. அதன் பெரும்பகுதியைப் போடுபவை பணக்கார நாடுகளின் அரசுகள்.

இனி முதல் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். கை ஏந்தும் பழக்கம் வளரும் என்றார் தோழர். பழங்கால உதவி அப்படி இருந்ததை நானும் மறுக்கவில்லை. இன்று எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 2000-இல் தொடங்கிய 'காவி' என்ற தடுப்பூசிக் கூட்டணி வழக்கமாக ஊசியை முழு இலவசமாகத் தருவதில்லை. மிக ஏழை நாடும் ஒரு டோசுக்கு 20 அமெரிக்க சென்ட் தன் கையிலிருந்து வைக்க வேண்டும். வருமானம் உயர உயர அந்தப் பங்கு கூடும். ஒரு வரம்பைத் தாண்டிய பின் சில ஆண்டுகளில் முழுச் செலவும் அந்த நாட்டின் தலையில். இலங்கை 2008-இல் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியை இந்த உதவியோடுதான் தொடங்கியது. இன்று அந்த உதவியிலிருந்து வெளியேறிவிட்டது. உதவி வாங்கிய இந்தோனேசியா 2024-இல் அதே கூட்டணிக்கு 3 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. கை ஏந்திய கை கொடுக்கும் கையானதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பலருடைய பணம் ஒன்றாகச் சேரும்போது விலையும் விழுகிறது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து 2000-இல் ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல். 2001-இல் மும்பையின் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. வாங்க ஆள் இருந்தால்தானே தயாரிப்பவர் தொடர்ந்து தயாரிப்பார்? 2002-இல் உலக நிதியமும் 2003-இல் எச்.ஐ.வி.க்கு எதிரான அமெரிக்காவின் பெப்ஃபார் திட்டமும் வந்து, லட்சக்கணக்கான நோயாளிகளுக்கு மொத்தமாக வாங்கின. 2023-இல் அதைவிட நல்ல மாத்திரை, நாளைக்கு ஒன்று, ஆண்டுக்கு 45 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. மூன்று மருந்து அடங்கிய அந்த ஒற்றை மாத்திரையை விடாமல் விழுங்கினால் இரத்தத்தில் கிருமி அளவிட முடியாதபடி குறையும், அவர் வழியாகத் துணைக்குத் தொற்றாது. சில வாரம் விட்டால் கிருமி மறுபடி பெருகும். விட்டு விட்டு விழுங்கினால் மருந்துக்கே அடங்காத கிருமி உருவாகும்.

இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு 2025 ஜனவரி 20-ஐ நினைத்துப் பாருங்கள். அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்திவைத்தது. சில நாள் கழித்து உயிர்காக்கும் மருந்துகளுக்கு விலக்கு தந்தார்கள். ஆனால் பரிசோதிப்பவருக்கும், மருந்தை ஊருக்குள் கொண்டுபோகிறவருக்கும், வராத நோயாளியைத் தேடிப் போகிறவருக்கும் வேலையை நிறுத்தச் சொல்லி ஓலை போய்விட்டது. கிடங்கில் மாத்திரை இருந்து பயன் என்ன? 1963-இல் செய்த தவறு இதுதான், இந்த முறை பல நாடுகளில் ஒரே நாளில் நடந்தது.

களவுக்கு வருகிறேன். களவு நடந்திருக்கிறது. 2005-இல் உகாண்டாவில் பணம் முறையாகக் கையாளப்படவில்லை என்று உலக நிதியம் அந்த நாட்டுக்கான ஐந்து மானியங்களையும் நிறுத்திவைத்தது. கணக்குக் கேட்டதால்தான் அது வெளியே வந்தது. கொடுக்கிறவர் கணக்குக் கேட்கட்டும், ரசீது கேட்கட்டும், தணிக்கையை வெளியிடட்டும். திருடியவரைப் பிடியுங்கள், நோயாளியின் மாத்திரையைப் பிடுங்காதீர்கள்.

துருப்பிடித்த கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், நடுவர் அவர்களே. தோழர் சொன்னது முழுக்க உண்மை. வசதி குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளை ஆராய்ந்து 2011-இல் வந்த ஆய்வு ஒன்று, அங்குள்ள கருவிகளில் 40 விழுக்காட்டுக்கு அருகில் இயங்காமல் கிடப்பதாகக் காட்டியது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மருத்துவக் கருவி என்றால் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆக்சிஜன் செறிவூட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அறையின் காற்றை இழுத்து, உள்ளே இருக்கும் ஜியோலைட் மணிகளில் நைட்ரஜனைத் தங்கவிட்டு, 93 விழுக்காடு அளவுக்கு ஆக்சிஜனை வெளியே தரும். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் இயந்திரத்துக்கு ஏறத்தாழ 350 வாட் மின்சாரம் போதும். நிமோனியா வந்த குழந்தைக்கு உயிர் அதுதான். இதை 110 வோல்ட் நாட்டிலிருந்து 230 வோல்ட் நாட்டுக்கு அனுப்பினால் முதல் நாளே புகைந்துபோகும். சரியான வோல்ட்டில் அனுப்பினாலும், ஏறி இறங்கும் மின்சாரத்துக்கு ஸ்டெபிலைசர் வேண்டும். வாரம் ஒருமுறை காற்று வடிகட்டியைக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்ட வேண்டும். ஈரமும் தூசியும் உள்ளே போனால் ஜியோலைட் கெட்டுவிடும். கெட்டது வெளியே தெரியாது என்பதுதான் கொடுமை. வாயு ஓட்டத்தைக் காட்டும் மானியில் சின்னக் குண்டு வழக்கம் போல ஏறி நிற்கும், பாட்டில் தண்ணீரில் குமிழி வரும், செவிலியர் நிம்மதியாக அடுத்த கட்டிலுக்குப் போவார். குழாயில் போவதோ ஏறக்குறைய வெறும் காற்று. இயந்திரத்தின் எச்சரிக்கை விளக்கும் பழுதாகியிருந்தால், ஆக்சிஜன் அளவைச் சொல்லும் ஒரு சின்னக் கருவியைக் குழாயில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 82 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்த இயந்திரத்தை ஒதுக்கிவிட வேண்டும். ஆக, அனுப்ப வேண்டியது இயந்திரத்தோடு ஸ்டெபிலைசர், மாற்று வடிகட்டிகள், ஆக்சிஜன் அளவைச் சொல்லும் அந்தச் சின்னக் கருவி, பழுது பார்க்கப் பயிற்சி பெற்ற ஒருவரின் சில ஆண்டுச் சம்பளம். இவை இல்லாமல் அனுப்பியதால் துருப்பிடித்தது. குறைத்துக் கொடுத்ததால் வந்த கேட்டுக்கு, கொடுக்காதே என்பது எப்படி மருந்தாகும்?

தடுப்பூசியும் இப்படித்தான். 2 டிகிரி முதல் 8 டிகிரி வரை குளிர். குப்பியின் மேல் வி.வி.எம். என்று ஒரு வட்டமும் நடுவில் ஒரு சதுரமும் இருக்கும். சூடு படப்படச் சதுரம் கறுக்கும், வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் போடக் கூடாது. சூட்டைக் காட்டும் அந்தச் சதுரம், உறைந்துபோனதைக் காட்டாது. பென்டாவேலன்ட் உறைந்தால் அதிலுள்ள அலுமினிய உப்பு திரிந்து ஊசி பயனற்றுப் போகும். பல இடங்களில் கெடுவது வெயிலால் இல்லை, அவசரத்தால். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே ஊசிப் பெட்டிக்குள் அடுக்கிவிடுகிறார்கள். வெளியே வைத்து வியர்க்கவிட வேண்டும், காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்க வேண்டும், அதன் பிறகே அடுக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மேற்பார்வையாளர் ஊர் ஊராகப் போக வேண்டும், அவருடைய வண்டிக்கு எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளுக்கும் சேர்த்துத்தான் பணம் கேட்கிறோம்.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேவில் 20 லட்சத்துக்கும் குறைவான மக்களுக்கு 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. அதில் 60 விழுக்காடு அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை. 2021 டிசம்பரில் நைஜீரியா 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொரோனா ஊசிகளை அழித்தது. காலாவதிக்குச் சில வாரமே இருந்த நிலையில் வந்த ஊசிகள் அவை. வேண்டாததைத் தள்ளிவிடுவதை உதவிக் கணக்கில் எழுதாதீர்கள் என்று எங்கள் அணியும் சொல்கிறது. அந்த நாடு கேட்டதைக் கொடுங்கள், நோயாளி பயன்படுத்தி முடிக்கும் அளவுக்குக் கெடு உள்ளதைக் கொடுங்கள்.

கடைசியாக, சொந்த ஏழை. தன் மக்களைப் பட்டினி போட்டுவிட்டுக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. 1970-இல் ஐ.நா. அவையில் வைத்த இலக்கு, நாட்டு வருமானத்தில் 100 ரூபாய்க்கு 70 காசு. அதுவும் மருத்துவத்துக்கு மட்டுமில்லை, எல்லா உதவிக்கும் சேர்த்து. நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் எனச் சில நாடுகளே அதைத் தொடர்ந்து எட்டின. பிரிட்டன் 70 காசிலிருந்து 2021-இல் 50 காசுக்கு இறங்கியது, 2027-க்குள் 30 காசாக்கப் போவதாக அறிவித்திருக்கிறது. அதே பிரிட்டனின் மருத்துவமனைகளில் நைஜீரியாவிலும் கானாவிலும் படித்த செவிலியர்கள் இரவுப் பணி பார்க்கிறார்கள். மருத்துவப் பணியாளர் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பட்டியலிட்ட 55 நாடுகளில் அவை இரண்டும் உண்டு. அங்கே போய் ஆள் திரட்டக் கூடாது என்று விதி இருந்தாலும், தானாக விண்ணப்பிப்பவரை அது தடுப்பதில்லை. வருகிறவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் அவரைப் படிக்கவைத்த செலவு ஏழை நாட்டுடையது, பயன் பணக்கார நாட்டுடையது. அப்படியானால் யார் யாருக்கு உதவிக்கொண்டிருக்கிறார்கள்?

நோய்க்கு விசா கிடையாது என்பதையும் தோழர் மறந்துவிட்டார். 2014 ஜூலையில் விமானப் பயணி ஒருவரோடு எபோலா நைஜீரியாவின் லாகோஸ் நகரத்துக்குள் வந்தது. கோடிக்கணக்கில் மக்கள் நெருக்கியடித்து வாழும் நகரம். அங்கிருந்து உலகின் பல மூலைகளுக்கும் விமானம் உண்டு. ஆனால் நைஜீரியாவில் போலியோ ஒழிப்புக்காக வெளிநாட்டுப் பணத்தில் உருவான அவசரக் கட்டுப்பாட்டு மையமும் பயிற்சி பெற்ற ஆட்களும் இருந்தார்கள். சில நாளிலேயே அவர்கள் எபோலாவைத் தடுக்கும் வேலையில் இறங்கினார்கள். தொடர்பில் இருந்த 894 பேரைக் கண்டுபிடித்து, ஏறத்தாழ 18,500 முறை நேரில் போய் உடல்நிலையைப் பார்த்தார்கள். 20 நோயாளிகள், 8 மரணங்கள், அதோடு நின்றது. அப்படி ஓர் ஏற்பாடு இல்லாத கினி, லைபீரியா, சியரா லியோனில் 11,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தீயை அணைக்க அமெரிக்க நாடாளுமன்றம் 2014 டிசம்பரில் ஒதுக்கிய தொகை 540 கோடி டாலர்.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. ஒன்றே ஒன்று சொல்லி அமர்கிறேன். இலங்கையில் இன்று உள்ளூர் மலேரியா இல்லை. ஆனால் 2016 டிசம்பரில் மன்னாரில் புதுக் கொசு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நம் ஊர் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளர்ந்து நகரங்களில் மலேரியா பரப்பும் ஸ்டெபன்சி கொசு அது. ஆப்பிரிக்காவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ காய்ச்சலோடு ஊர் திரும்பும் ஒவ்வொருவர் விரலிலும் அங்கே இன்னமும் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வருபவர் சிலரே என்றாலும் அவருக்கான, கடும் மலேரியாவுக்குப் போடும் ஆர்ட்டிசுனேட் ஊசியும் பிரைமாகுவினும் கையிருப்பில் இருக்க வேண்டும், காலாவதி நாளுக்கு முன்பே அடுத்த பெட்டி வந்து சேர வேண்டும். நன்றி, வணக்கம்.