மழையில பொலோன்யா: குடைய விரிக்காமலே ஊர் சுத்தலாம்

ஹாய் மக்களே, லென்ஸ்ல தண்ணி பட்டிருக்கு, இருங்க தொடச்சிக்கறேன்... ஆங், இப்ப ஓகே. இத்தாலில பொலோன்யா வந்தாச்சு, காலையில ட்ரெய்ன விட்டு எறங்குனதுல இருந்து மழை அடிச்சு ஊத்துது, ஆனா என்னப் பாருங்க, தோள்பட்டை மட்டும்தான் லேசா நனைஞ்சிருக்கு, அதுவும் ரோடு கிராஸ் பண்றப்ப நனைஞ்சது.

காரணம் இதோ மேல இருக்கு பாருங்க, போர்ட்டிகோ. கடை, வீடு எல்லாத்துக்கும் முன்னாடி தூண் வச்சு வளைவு கட்டி, அது மேலயே மாடி வீடு. ஊர் முழுக்க சேத்தா 62 கிலோமீட்டர் வருதாம், 2021ல யுனெஸ்கோ லிஸ்ட்லயும் சேத்துட்டாங்க. ஆரம்பத்துல எடம் பத்தலன்னு மாடிய தெரு மேல நீட்டி நீட்டி கட்டிருக்காங்க, யுனிவர்சிட்டி ஊரு வேற, ஸ்டூடண்ட்ஸ் கூட்டம் கூட்டமா வந்தா எங்க தங்க வைக்கிறது? அப்புறம் 1288ல சட்டமே போட்டுட்டாங்க, புது வீடு கட்டுனா போர்ட்டிகோ கட்டியே ஆகணும்னு. எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா, எடம் பெரும்பாலும் வீட்டுக்காரருக்குத்தான் சொந்தம், பராமரிப்பும் அவர் தலையில, ஆனா நடந்து போறவங்கள தடுக்க முடியாது. சூப்பர்ல?

இது ஈசோலானி வீடு, 13ஆம் நூற்றாண்டு. தூண் எல்லாம் மரம், கருவாலி மரம், அதாங்க ஓக், அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குது அவ்ளோ உயரம். கிட்ட வர்றேன், இந்த வெடிப்பு தெரியுதா, விரலே உள்ள போகுது, இத நம்பி மேல ஒரு மாடியே நிக்குது மக்களே!

ஒண்ணே ஒண்ணுதான் இன்னிக்கு மிஸ்ஸு. சான் பெட்ரோனியோ சர்ச் தரையில 1655ல காஸினி போட்ட கோடு இருக்கு, அதாங்க, சனி கிரகத்து வளையத்துல இருக்கற இடைவெளிய கண்டுபுடிச்சவரு. கிட்டத்தட்ட 67 மீட்டர் நீளம், மேல ஒரு சின்ன ஓட்டை, உச்சிவெயில் அது வழியா வந்து கோட்டுல விழுந்தா அன்னிக்கு என்ன தேதின்னு பாத்துக்கலாம். இன்னிக்கு எங்க வெயிலு, எல்லாரும் குனிஞ்சு வெறும் பித்தளை கோட்டத்தான் போட்டோ எடுத்துட்டு இருந்தோம். கரிசெண்டா கோபுரம் பக்கம் போகாதீங்க, சாயுதுன்னு 2023ல இருந்தே சுத்தி அடைச்சுட்டாங்க, தள்ளி நின்னு பாத்துக்கலாம்.

ஒரு டிப்ஸ், சில எடத்துல தரை மொழுமொழுன்னு மொசைக் மாதிரி இருக்கு, ஈர ஷூவோட வேகமா நடந்தீங்க, வழுக்கி விட்ரும்.

நாளைக்கும் மழைன்னுதான் ஆப்ல காட்டுது. காட்டட்டும், நாளைக்கு சான் லூக்கா மலைக் கோயில், 666 வளைவு, கீழ இருந்து உச்சி வரைக்கும் கூரை இருக்கு. இப்ப பசிக்குது, கோழி சூப்புல போட்ட தோர்தெல்லினி, அதாங்க உள்ள பூரணம் வச்சு மடிச்ச குட்டி குட்டி பாஸ்தா, சாப்பிடப் போறேன், உள்ள வைக்கிறது பன்னிக்கறி, சைவக்காரங்க கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க. பை பை!