ரிட்டயர் ஆன பிறகு சமூகத் தொழில்: குடியாத்தம் டீச்சரின் கேள்விக்கு என் பதில்

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடாமல் அரித்துக்கொண்டே இருந்தது. குடியாத்தத்திலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் டீச்சர் என்றே சொல்கிறேன். கேள்வி இதுதான்: "பணிக்கொடை வந்துவிட்டது, பென்ஷனும் வருகிறது. எங்கள் தெருவில் பீடி சுற்றும் பெண்களை அந்த வேலையிலிருந்து வெளியே கொண்டுவந்து, மஞ்சப்பை தைக்க வைக்க ஆசை. டிரஸ்டாகப் பதிவு செய்வதா, கம்பெனியாகவா? இந்த வயதில் இது சரிப்பட்டு வருமா?"

வயது விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வேலூர்க்காரர்கள் எல்லோரும் இந்தப் பேச்சு வந்தால் ஐடா ஸ்கடர் அம்மையாரைச் சொல்வார்கள். 1900ல் ஒரே படுக்கையோடு வைத்தியம் ஆரம்பித்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை வரை வந்த கதை நமக்கு மனப்பாடம். ஆனால் அவருக்கு அப்போது முப்பது வயதுதான். நமக்கு வேண்டிய ஆள் மதுரையில் இருந்தார். டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918ல் பிறந்தவர், அரசு மருத்துவராக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற அதே 1976ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர், அந்த விரல்களாலேயே கண் அறுவை சிகிச்சை செய்யப் பழகிக்கொண்டவர். இன்று தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு ஓய்வு வயதே 60. ஆகவே டீச்சர், நீங்கள் அவரைவிட இரண்டு வருடம் தாமதம், அவ்வளவுதான்.

அவரை எடுத்ததற்குக் காரணம் வயது மட்டும் இல்லை. அரவிந்த் பதிவுப்படி ஒரு அறக்கட்டளை. ஆனால் அதை நன்கொடை ஓட்டவில்லை. பணம் கொடுக்க முடிந்தவர் கொடுக்கிறார், அந்த வருமானத்தில் முடியாதவருக்கும் சிகிச்சை நடக்கிறது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகவில்லை என்றதும், 1992ல் ஆரோலேப் என்று ஆரம்பித்து லென்ஸைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். இதைத்தான் நான் ஒவ்வொரு காணொளியிலும் சொல்லிச் சொல்லி நம் பழைய நேயர்களுக்கு அலுத்துப்போயிருக்கும்: மாசக் கடைசியில் பணம் யார் கையிலிருந்து வருகிறது? பதிவுச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்கு அப்புறம்தான்.

இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். டிரஸ்ட் என்றால் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது, சுலபம். சங்கம் என்றால் 1975ஆம் வருடத்துத் தமிழ்நாடு சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். கம்பெனிச் சட்டம் பிரிவு 8ன் கீழ் கம்பெனி என்றால் லாபம் சம்பாதிக்கலாம், பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. அப்புறம் உற்பத்தியாளர் கம்பெனி என்று ஒன்று இருக்கிறது, இதைப் பலரும் விவசாயிகளுக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கைத்தறி, கைவினை, குடிசைத் தொழில் செய்பவர்களும் அதில் வரலாம். 10 பேர் சேர்ந்தால் போதும், லாபமும் அந்தப் பெண்களுக்கே போகும். நீங்கள் சொல்கிற வேலைக்கு என் மனது அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் இப்போதே ஆடிட்டரிடம் ஓடாதீர்கள். முதல் ஆறு மாதம் எந்தப் பதிவும் இல்லாமல், தெரிந்த தையல்காரர் ஒருவரை வைத்துத் தைத்து விற்றுப் பாருங்கள்.

டீச்சர் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: "இந்தப் பையை யார் வாங்குவார்?"

நான் வங்கியில் இருந்த காலத்தில் மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கிற வேலை என் பொறுப்பில் இருந்தது. தருமபுரியில் 1989ல் ஆரம்பித்த குழு இயக்கம் நம் வடாற்காட்டு ஊர்களிலும் பரவி நன்றாக வேரூன்றியிருந்தது. ஒரு கிராமத்துக் குழு சோப்புத்தூள் செய்யப் பயிற்சி எடுத்தது. சான்றிதழ், போட்டோ எல்லாம் உண்டு. கடன் தவணை ஒரு நாள் பிசகாமல் வந்தது. எங்கள் பதிவேட்டில் அது முதல் தரக் குழு. ஒரு நாள் அந்த ஊருக்கே போய்ப் பார்த்தால், சோப்புத்தூள் பாக்கெட்டுகள் ஒரு அம்மா வீட்டுப் பரணில் மூட்டையாக இருக்கின்றன. "தவணை எப்படிம்மா கட்டுறீங்க?" என்று கேட்டேன். "அது பீடிக் காசு சார்" என்றார். யாரும் பொய் சொல்லவில்லை, பாருங்கள். பயிற்சி நடந்தது உண்மை, கடன் திரும்பியதும் உண்மை. சோப்புத்தூள் மட்டும் யாருக்கும் விற்கவில்லை. பயிற்சி கொடுக்க ஆள் இருந்தது, வாங்க ஆள் இல்லை.

இப்போது மஞ்சப்பைக்கு வருவோம். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம். இந்த இரண்டுக்கும் அப்புறம் துணிப்பை தைக்காத குழுவே இல்லை. ஆனால் காய்கறிக் கடையில் பை இலவசமாக எதிர்பார்க்கிறவர் பதினைந்து ரூபாய் கொடுத்துத் துணிப்பை வாங்குவாரா? கடைக்காரர்தான் தன் கைக்காசில் கொடுப்பாரா? அவர் துணி மாதிரியே தெரிகிற பிளாஸ்டிக் பையை மலிவாக வாங்கி வைத்திருப்பார். அங்கே போய் நீங்கள் போட்டி போட முடியாது.

சரி, யார்தான் வாங்குவார்? தாம்பூலப் பை. நம் பக்கத்துக் கல்யாணத்தில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுக்கப் பை இல்லாமல் முடியுமா? ஐந்நூறு, ஆயிரம் என்று ஒரே ஆர்டராக வரும். மணமக்கள் பெயர் அச்சடிக்க வேண்டும், அதற்குத் தனியாகக் கொடுப்பார்கள். பணம் பேச்சுப்படி முன்கூட்டியே வாங்கலாம், ஏனென்றால் கல்யாண வீட்டில் தேதி தள்ளிப்போகாது. இதில் ஒரு சிக்கல் உண்டு: ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமே கிடையாது. அந்த மாதங்களில் அந்தப் பெண்களுக்கு என்ன வேலை என்பதை இப்போதே யோசிக்க வேண்டும். உங்கள் ஊரில் வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எவ்வளவு கூட்டம் வருகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. அது கோடையில் ஒரு ஆர்டர். ஆடிக்குத் துணிக்கடைகள் இருக்கின்றன, தள்ளுபடி விற்பனைக்குப் பை வேண்டும் அவர்களுக்கு. மார்கழிக்கு எனக்கு இப்போதைக்கு எதுவும் தோன்றவில்லை, நேயர்கள் யாராவது சொன்னால் படிக்கிறேன்.

பீடி பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். 'மீட்பது' என்கிற எண்ணத்தோடு போகாதீர்கள் டீச்சர். அந்தப் பெண் ஏன் பீடி சுற்றுகிறார் என்று அவர் பக்கம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, அடுப்பில் உலை கொதிக்கும்போதே இலை வெட்டுவார். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் எழுந்துபோய்ச் சோறு போட்டுவிட்டு வந்து மறுபடியும் சுற்றுவார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு, எத்தனை கட்டு சுற்றினாரோ அத்தனைக்குக் கூலி, வாரத்துக்கு வாரம் கையில் காசு. தூள் நெடியில் இருமல் வரும், முதுகு போய்விடும், எல்லாம் அவருக்கும் தெரியும். ஆனால் வீட்டை விட்டு நகராமல் வாரக் காசு வருகிற வேலை வேறு என்ன இருக்கிறது?

நீங்கள் ஒரு ஷெட் வாடகைக்கு எடுத்து, பத்து தையல் மெஷின் போட்டு, காலை ஒன்பது மணிக்கு வா என்றால் முதல் மாதம் உங்கள் முகத்துக்காக வருவார்கள். மெஷினை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள். வெட்டுவது ஓரிடத்தில், தைப்பது வீடுகளில், எண்ணி வாங்குவது சனிக்கிழமை. கூலி சனிக்கிழமையே போக வேண்டும். கடைக்காரர் உங்களுக்கு எப்போது கொடுக்கிறார் என்பது அந்தப் பெண்ணுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லட்டும், அந்த 45 நாளைத் தாங்குகிற பணம் உங்களிடம் இருக்க வேண்டும். இரண்டு சனிக்கிழமை கூலி தவறினால் போதும், மூன்றாவது வாரம் முறம் மறுபடியும் மடிக்கு வந்துவிடும்.

அந்தப் பணத்துக்குப் பணிக்கொடையில் கை வைக்கலாமா? நான் பழைய பேங்க் ஆள், அதனால் இதில் கறாராகத்தான் பேசுவேன். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இப்போது 30 லட்சம் வரை போடலாம், முதலில் அங்கே போட்டுவிடுங்கள். அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். வேண்டுமானால் ஒரு வருட வட்டியைத் தொழிலில் போடுங்கள். அசலைத் தொடாதீர்கள். உங்கள் பிள்ளைகள் 'இந்த வயதில் உங்களுக்கு எதுக்கும்மா இது?' என்று கேட்பார்கள் இல்லையா, அசல் பத்திரமாக இருந்தால் அந்தக் கேள்வியில் பாதி காரம் போய்விடும்.

உண்மையான முதலீடு வேறு இடத்தில் இருக்கிறது. இத்தனை வருடம் குடியாத்தத்தில் பாடம் எடுத்திருக்கிறீர்கள். உங்களிடம் படித்தவர்களில் இன்று துணிக்கடை வைத்திருப்பவர் யார், மண்டபம் நடத்துபவர் யார், லுங்கி வியாபாரம் யார், அச்சகம் யார்? ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த வங்கியும் கொடுக்க முடியாத கடன் அது. ஒரு எச்சரிக்கை: முதல் ஆர்டர் டீச்சர் மேல் உள்ள மரியாதைக்கு வரும். இரண்டாவது ஆர்டர் வந்தால்தான் பை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தையல் பிரிந்த பையைக்கூட உங்களிடம் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், சொல்லத் துணிச்சல் வராது. அதனால் குறை கேட்கிற வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள்.

இன்னொரு கஷ்டம், இது ஓய்வு பெற்ற எல்லோருக்கும் வருவது. முப்பது வருடம் நம்மைத் தேடி வந்து நின்றவர்களைப் பார்த்துப் பழகிவிட்டோம். இப்போது மண்டப மேனேஜர் முன்னால் நாம் போய் நிற்க வேண்டும், அவர் போனில் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த அதிகாரிகள் பலர் இந்த ஒரு இடத்தில்தான் நின்றுபோனார்கள், பணம் இல்லாமல் இல்லை. கம்மவான்பேட்டைப் பக்கம் ராணுவத்திலிருந்து நாற்பது வயதிலேயே ஓய்வு பெற்று வந்தவர்கள் நிறைய பேர் இந்தக் காணொளிகளைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் இருபது வருடம் கூடுதலாக இருக்கிறது, உத்தரவு போடுகிற குரலை மட்டும் கொஞ்சம் இறக்கிக்கொண்டால் போதும்.

கடைசியாக, உங்களுக்குப் பிறகு யார்? வெங்கடசாமி ஐயா முதல் நாளிலிருந்தே தங்கையையும் தங்கை கணவரையும் உடன் வைத்துக்கொண்டு வேலை செய்தார். அவர் 2006ல் காலமான பிறகும் மருத்துவமனை ஓடுகிறது. உங்களுக்குக் குடும்பத்திலிருந்து ஆள் வர வேண்டும் என்று இல்லை. தைக்க வருகிற பெண்களில் இரண்டு பேரை முதல் மாதமே பக்கத்தில் உட்கார வையுங்கள். துணி வாங்கப் போகும்போது கூட்டிப் போங்கள், விலை பேசும்போது அவர்களையே பேச விடுங்கள். கணக்கு நோட்டையும் அவர்களிடமே கொடுங்கள். கூட்டலில் தப்பு வந்தால் சிவப்பு மையை எடுக்காமல் இருப்பது உங்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான், தெரியும்.

இந்த மாதத்துக்குள் மூன்று மண்டபங்களுக்குப் போய், தாம்பூலப் பைக்கு என்ன விலை கொடுக்கிறார்கள், யாரிடம் வாங்குகிறார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள் டீச்சர். அந்த விலையை வைத்து, துணி, அச்சு, கூலி போக என்ன நிற்கிறது என்று அடுத்த காணொளியில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எதுவும் நிற்கவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுவேன், பை இல்லாமல் வேறு பொருள் பார்க்கலாம்.