திம்மையாவின் பெருமை சமாதானக் களத்திலேயே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் திம்மையாவின் பெருமை பெரிதும் விளங்கியது போர்க்களத்திலா, சமாதானக் களத்திலா என்பது இன்றைய வழக்கு. எதிரணித் தலைவர் போர்க்களமே என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். நம் முன்னோர் போரில் விழுந்தவனுக்குத்தான் நடுகல் நட்டார்கள் என்றும் நினைவூட்டினார். நல்லது. அந்தக் கல்லில் பல யாருக்கு நடப்பட்டவை? ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்டவர்களுக்கு. கொன்ற கணக்கைப் பார்த்து அல்ல, மீட்டுக்கொடுத்ததைப் பார்த்துக் கல் நட்ட மரபு அது. அந்த அளவுகோலையே நானும் கையில் எடுத்துக்கொள்கிறேன்.

பாகிஸ்தானோடு நடந்த காஷ்மீர்ப் போரில் திம்மையா மீட்ட சோஜி லா கணவாயைப் பற்றி எதிரணித் தலைவர் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கப்போவதில்லை. சுமார் 11,500 அடி உயரம். அந்த உயரத்துக்கு டாங்கிகளைக் கொண்டுபோக முடியும் என்று அதுவரை யாரும் நினைத்ததில்லை. ஸ்டுவர்ட் டாங்கிகளின் மேற்கூட்டைக் கழற்றி, ரகசியமாக ஸ்ரீநகர் வழியாக நகர்த்தி, 1948 நவம்பர் 1 அன்று பனிக்குள்ளிருந்து எதிரியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார் மேஜர் ஜெனரல் திம்மையா. கோவேறு கழுதை போகும் ஒற்றையடித் தடத்தை டாங்கி ஏறும் பாதையாக மாற்றியவர்கள் ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர், நம் ஊர்ப் பிள்ளைகள். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. கணவாய் திறந்தது, திராஸும் கார்கிலும் மீண்டன, லே நகரத்துக்கு வழி கிடைத்தது.

ஆனால் நடுவர் அவர்களே, அன்று அவருக்குப் பின்னால் யார் இருந்தார்கள்? ஒரு தேசம் முழுவதும் இருந்தது. எதிரி யார் என்பதில் ஐயமில்லை. கையில் டாங்கி இருந்தது, தலைக்கு மேல் விமானப்படை இருந்தது, சுடுவதற்கு உத்தரவும் இருந்தது. இவற்றில் ஒன்றுகூட இல்லாத இடத்தில் அந்த மனிதர் எப்படி நின்றார் என்று பார்த்தால்தான் அவருடைய உயரம் தெரியும். அந்த இடம் கொரியா.

1953 ஜூலை 27 அன்று கொரியப் போர் நிறுத்தம் கையெழுத்தானது. பீரங்கிகள் ஓய்ந்தும் ஒரு சிக்கல் ஓயவில்லை. ஐ.நா. தரப்பின் பிடியில் இருந்த சீன, வட கொரியக் கைதிகளில் 22,600 பேர் வரை ஊர் திரும்ப மாட்டோம் என்றார்கள். மறுபக்கத்தில் கம்யூனிஸ்ட் தரப்பின் பிடியில் இருந்த 359 பேர் அதையே சொன்னார்கள். அவர்களில் 23 பேர் அமெரிக்கர்கள். இது கைதிகள் தாமாக எடுத்த முடிவா, மிரட்டலால் வந்த முடிவா? இதை விசாரித்துத் தீர்க்க ஐந்து நாடுகளின் ஆணையம் ஒன்று அமைந்தது. ஸ்வீடனும் ஸ்விட்சர்லாந்தும் ஒரு பக்கம், போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் இன்னொரு பக்கம், நடுவில் தலைவராக இந்தியா. அந்த நாற்காலியில் அமர்ந்தவர் திம்மையா.

அங்கே அவருக்குக் கிடைத்த வரவேற்பைக் கேளுங்கள். தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ, இந்தியப் படையினர் தன் மண்ணில் கால் வைக்கவே கூடாது என்றார். இன்சியோனுக்குக் கப்பலில் வந்த நம் ஜவான்களை ஹெலிகாப்டரில் ஏற்றி, நேராக ராணுவம் விலக்கப்பட்ட பகுதியில்தான் இறக்கினார்கள். முள்வேலிக்கு உள்ளே இருந்த கைதிகளோ, தங்களைக் கம்யூனிஸ்டுகளிடம் ஒப்படைக்க வந்தவர்கள் என்று நம்மவர்கள் மீது ஆத்திரத்தோடு இருந்தார்கள். ஒருமுறை நம் அதிகாரி ஒருவரை உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். இந்தியக் காவல் படையின் தளபதி மேஜர் ஜெனரல் தோரட் தானே வேலிக்குள் நுழைந்து, பேசி, அவரை மீட்டு வந்தார். திம்மையாவும் தோரட்டும் அங்கே நடத்திய நிர்வாகத்தின் சாரம் அதுதான். முதலில் பேச்சு, கடைசி வரைக்கும் பேச்சு.

எதிரணி இதைச் சொல்லிவிடும் முன் நானே சொல்கிறேன்: அங்கே துப்பாக்கி ஒருபோதும் வெடிக்கவில்லை என்று நான் வாதாடவில்லை. 1953 அக்டோபர் தொடக்கத்தில் முகாம்களில் கலவரம் மூண்டபோது காவலர்கள் சுட நேர்ந்தது, கைதிகள் சிலர் இறந்தார்கள். அந்த இறப்புகளை மறைத்துவிட்டுத் திம்மையாவைப் புகழ்வது அவருக்கும் இழுக்கு, இறந்தவர்களுக்கும் இழுக்கு. ஆனால் அதன் பிறகு அவர் என்ன முடிவெடுத்தார் என்பதில்தான் என் வாதம் நிற்கிறது.

கைதிகளுக்கு அவரவர் நாட்டுப் பிரதிநிதிகள் விளக்கம் சொல்ல 90 நாள் தரப்பட்டிருந்தது. கைதி ஒரு கூடாரத்துக்குள் வருவார், தன் நாட்டுக்காரர் பேசுவதைக் கேட்பார், பிறகு இரண்டு வாசல்களில் ஒன்றின் வழியாக வெளியேறுவார். ஒன்று ஊருக்கு, மற்றது முகாமுக்கு. ஆனால் பெரும்பாலான கைதிகள் கூடாரம் வரை வரவே மறுத்தார்கள். உள்ளே இருந்த தலைவர்களின் பிடி அப்படி. அந்த 90 நாளில் விளக்கம் நடந்தது மிகச் சில நாட்களே. கம்யூனிஸ்ட் தரப்பு, படையை உள்ளே அனுப்பி இழுத்து வாருங்கள் என்று நெருக்கியது. மறுதரப்பு, காலக்கெடு முடிந்ததும் எல்லோரையும் விடுவித்துவிடுங்கள் என்று நெருக்கியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் திம்மையாவின் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு வேலிக்குள்ளும் நூற்றுக்கணக்கில் நிராயுதபாணிகள். படை நுழைந்தால் பிணக்குவியல் என்பது இரண்டாம் உலகப் போரில் பர்மாவின் அரக்கான் காட்டில் ஒரு பட்டாலியனை நடத்தி, வீரத்துக்கு டி.எஸ்.ஓ. பதக்கம் வாங்கிய அவருக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் மறுத்தார். கோழையின் தயக்கமா அது? போர் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்தவரின் உறுதி.

1954 ஜனவரியில், கைதிகளைப் பிடித்து வைத்திருந்த தரப்புகளிடமே திருப்பி ஒப்படைத்தார். இரு தரப்பும் அவரைக் குறை சொன்னது. இரு தரப்பும் குறை சொன்ன நடுவர் எத்தகையவர் என்று, நடுவர் அவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் வேண்டாம், எங்களையும் அழைத்துக்கொண்டு போங்கள் என்று எண்பதுக்கும் மேற்பட்ட கைதிகள் நம் வீரர்களோடு கப்பலேறி இந்தியாவுக்கே வந்துவிட்டார்கள். தங்களைக் காவல் காத்த படையை நம்பி அதன் நாட்டுக்கே வந்த கைதிகள் அவர்கள். இதைவிடப் பெரிய வெற்றியை எதிரணி எந்தப் போர்க்களத்திலிருந்து காட்டப்போகிறது?

அடுத்த களம் நம் தலைநகரத்திலேயே இருந்தது. 1957 மே மாதம் தரைப்படைத் தலைமைத் தளபதி ஆனார். 1958 அக்டோபரில் பாகிஸ்தானில் ஜெனரல் அயூப் கான் ஆட்சியைப் பிடித்தார். அதே மாதம் பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சிப் பொறுப்பேற்றார். அயூப் கான் திம்மையாவைப் போலவே இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயின்றவர், பிரிவினைக்கு முன் அதே இந்திய ராணுவத்தில் வளர்ந்தவர். அந்தச் சூழலில் 1959 ஆகஸ்ட் 31 அன்று, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு ஏற்பட்ட பிணக்கில் திம்மையா பதவி விலகல் கடிதம் கொடுத்தார். செய்தி வெளியே கசிந்து நாடே கொந்தளித்தது. படை முழுவதும் அவரை நேசித்தது, பத்திரிகைகள் அவர் பக்கம் நின்றன. பிரதமர் நேரு கேட்டுக்கொண்டார், கடிதத்தைத் திரும்பப் பெற்றார். பிறகு நேரு நாடாளுமன்றத்தில் அவரைக் கடிந்து பேசியபோதும் வாய் திறக்கவில்லை. உறுதி தளர்ந்தார் என்று அன்றும் சிலர் சொன்னார்கள், எதிரணி நண்பரும் இன்று அதைத் தொட்டார். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். படைத்தளபதி தன் செல்வாக்கை அரசுக்கு எதிராகத் திருப்பும் வழக்கம் இந்தியாவில் உண்டாகாமல் போனதற்கு அந்த மௌனமும் ஒரு காரணம். தன்மானத்தில் பட்ட அடியைத் தாங்கிக்கொண்டார். அதற்கு யாரும் பதக்கம் தரவில்லை.

ஓய்வு பெற்ற பின், 1962 ஜூலையில் வெளிவந்த கட்டுரையில், இந்தியா தனியாக நின்று சீனாவோடு வெளிப்படையான போரில் இறங்குவதை ஒரு படைவீரனாகத் தன்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை என்று எழுதினார். அக்டோபரில் போர் வந்தது. அதன் முடிவு அவையோர் அறிந்ததே.

கடைசியாக, எனக்கு அடுத்துப் பேசவிருக்கும் எதிரணி நண்பரிடம் ஒரு கேள்வி வைக்கிறேன். 1961ல் ஓய்வு பெற்ற இந்தக் குடகு வீரர், 1964ல் ஐ.நா. அமைதிப் படைக்குத் தலைமை தாங்க சைப்ரஸ் போனார். கிரேக்கரும் துருக்கியரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த தீவு. அவர் பொறுப்பேற்ற சில வாரங்களில் துருக்கி விமானங்கள் அங்கே குண்டு வீசின. அங்கே அவருக்குச் சொந்த மண் இல்லை, எதிரி இல்லை, பிடிக்க ஒரு கணவாயும் இல்லை. இரு ஊர்களுக்கு நடுவே நிற்பதுதான் வேலை. 1965 டிசம்பர் 18 அன்று, பணியில் இருந்தபடியே மாரடைப்பால் இறந்தார், 59 வயதில். அடுத்த ஆண்டு சைப்ரஸ் அவர் முகத்தைத் தன் தபால்தலையில் அச்சிட்டது. தங்களுக்காக ஒரு போரிலும் வென்று தராத இந்தியருக்கு அந்த நாடு எதற்காக அந்த மரியாதையைச் செய்தது? நண்பர் இதற்கு விடை சொல்லிவிட்டு, பிறகு சோஜி லாவைப் பற்றிப் பேசட்டும்.

நன்றி, வணக்கம்.